எங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள்: வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வங்கிக் கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். நான் தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். கிளை நூலகத்தில் 31 வருடம் நூலகராக வேலை பார்த்து 2021இல் ஓய்வு பெற்றேன். உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். அதை ஒரு மேலாளரிடம் நேரிலேயே சொல்லிப் பார்த்தேன். "நல்ல யோசனைதாம்மா, எழுதிக் குடுங்க" என்றார். அவர் ஒருவருக்கு மட்டும் எழுதுவதை விட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கோரிக்கை இதுதான். செல்போனில் பணம் அனுப்பப் பயப்படுகிற ஒருவர் முதல் தடவை அனுப்பும்போது, உங்கள் ஊழியர் ஒருவர் அவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். கிளைக்குள்ளேயே, உங்கள் கூரைக்குக் கீழேயே அது நடக்க வேண்டும். ஏன் இதைக் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

2023இல் எனக்கு முழங்கால் மூட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் வாசல்படி இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போதே என் செல்லில் வங்கிச் செயலி இருந்தது. முந்தின தீபாவளிக்கு வந்த மகள் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்து, "இனிமே நீ பேங்க்குக்கே போக வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். பின் நம்பரும் அவள் வைத்ததுதான். அந்தச் செயலியை நான் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. தெரியாமல் எதிலாவது கை பட்டு, இருக்கிற சேமிப்பெல்லாம் எங்கேயோ போய்விடும் என்கிற பயம்.

அதற்குப் பதிலாக நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஏடிஎம் அட்டையையும், பின் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டையும் எதிர்வீட்டுப் பையன் கையில் கொடுத்து அனுப்பினேன். ஆறு வாரத்தில் ஐந்து தடவை. அவன் தங்கமான பிள்ளை. ஒரு ரூபாய் குறையாமல், மிஷினில் வந்த சீட்டோடு கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் ஐந்தாவது தடவை அவன் சீட்டைப் பார்க்காமலே "நம்பர் எனக்குத் தெரியும் பெரியம்மா" என்றபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவன் மேல் சந்தேகம் வந்து அல்ல. மிஷினிடம் சொல்லப் பயந்த நம்பரை மனிதர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மாதத்தின் முதல் வாரத்தில் உங்கள் ஏடிஎம் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பென்ஷன் எடுக்க வந்தவர் வரிசையில் பின்னால் நிற்கிற முன்பின் தெரியாத ஆளிடம் அட்டையை நீட்டி, "தம்பி, இதுல ரெண்டாயிரம் எடுத்துக் குடுப்பா" என்பார். நம்பரையும் சத்தமாகச் சொல்வார், காது சரியாகக் கேட்காதவர்களுக்குத் தாங்கள் பேசும் சத்தம் தெரியாது. உதவுகிற மாதிரி வந்து அட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிற கூட்டம் இப்படித்தான் ஆள் பிடிக்கிறது. ஆன்லைன் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்தால் பணம் பத்திரம் என்று எங்கள் வயதுக்காரர்கள் நம்புகிறோம். பேரனிடம், பக்கத்து வீட்டில், ஏடிஎம் வாசலில் என்று எங்கள் ரகசிய எண் ஏற்கெனவே நாலு பேருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. தயங்கி நிற்கிறவர் அபாயத்துக்கு வெளியே நிற்கவில்லை. இதை நீங்கள் புரிந்துகொண்டால்தான் அடுத்து நான் சொல்வது புரியும்.

நடக்க முடிந்ததும் முதல் வேலையாகக் கிளைக்குப் போனேன். "இந்தச் செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்று யாராவது சொல்லிக்கொடுக்க முடியுமா?" என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "வீட்ல படிச்ச பிள்ளைங்க யாரும் இல்லையாம்மா? அவங்ககிட்ட கேட்டுக்கோங்க" என்றார். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள், அவருடைய நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வாழ்நாள் முழுக்கப் புத்தகங்களுக்கு நடுவில் இருந்த ஒருத்தியிடம் அப்படிக் கேட்டது வலித்தது. வலி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பதிலில் ஒரு தப்பு இருக்கிறது. "பின் நம்பரை உங்கள் குடும்பத்தாரிடம்கூடச் சொல்லாதீர்கள்" என்று நீங்களே சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். அப்புறம் நீங்களே எங்களைப் பிள்ளைகளிடம் அனுப்புகிறீர்கள். பிள்ளைகள் வந்தால் எங்கள் கையிலிருந்து செல்லை வாங்கிவிடுவார்கள். சடசடவென்று எதையெதையோ தட்டி, "முடிஞ்சது" என்று திருப்பிக் கொடுப்பார்கள். வேலை நடக்கும், ஆனால் நாங்கள் கற்றுக்கொள்ள மாட்டோம்.

எனக்குக் கற்றுக்கொடுத்தது அதே கிளையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளைஞர். சாப்பாட்டு நேரத்தில், வெளியில் கிடந்த பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் செல்லை அவர் தொடவே இல்லை. முதலில் மகள் வைத்த பின் நம்பரை மாற்றச் சொன்னார். அது அவளுடைய பிறந்த நாள், அதைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. நான் மாற்றும்போது எழுந்து போய்த் திரும்பி நின்றுகொண்டார். அப்புறம், "அம்மா, என் நம்பரைப் போட்டு எனக்கு ஒரு ரூபா அனுப்புங்க" என்றார்.

நான் பத்து எண்களைத் தட்டினேன். திரையில் அவர் பெயர் வந்தது. "பாருங்கம்மா, என் பேரு சரியா வந்திருக்கா? இந்த இடத்துலதான் நிக்கணும். பேரு தப்பா இருந்தா அப்படியே வெளியே வந்துருங்க. இதுவரைக்கும் எதுவும் போகல." அப்புறம் ஒன்று என்று தட்டினேன். பின் நம்பர் போட்டேன். அவர் செல் சத்தம் போட்டது, என் செல்லுக்கு எஸ்எம்எஸ் வந்தது. உடனே அந்த ஒரு ரூபாயை எனக்குத் திருப்பி அனுப்பினார். "இப்ப உங்களுக்குப் பணம் வந்துச்சுல்ல. நான் உங்ககிட்ட பின் கேட்டேனா?" என்றார். "இல்லை" என்றேன். "அவ்வளவுதாம்மா. பணம் போகத்தான் பின் வேணும். வர்றதுக்கு வேண்டாம். உங்களுக்குப் பணம் அனுப்புறேன்னு சொல்லிட்டு யாராவது பின் போடச் சொன்னா, அவன் எடுக்கப் போறான்னு அர்த்தம்."

எத்தனையோ எச்சரிக்கைகள் படித்திருக்கிறேன். எதுவும் மனதில் நிற்கவில்லை. இந்த ஒரு ரூபாய் போய்வந்ததில் எல்லாம் விளங்கிவிட்டது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். அந்தத் தம்பி இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் சாப்பாட்டு நேரத்தை எனக்குக் கொடுத்தார். ஓர் ஊழியர் தன் சாப்பாட்டு நேரத்தில் செய்ததை, வேலை நேரத்தில் செய்யவேண்டிய வேலையாக ஆக்குங்கள் என்பதுதான் நான் கேட்பது.

நூலகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் முறை நூலகத்துக்கு வருகிற ஆள் வாசலிலேயே தெரிந்துவிடுவார். செருப்பை எங்கே விடுவது என்று தயங்குவார். பையை உள்ளே கொண்டுபோகலாமா என்று பார்ப்பார். "அந்த அலமாரியில இருக்கும், போய்ப் பாருங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கை காட்டினால், போய் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பிவிடுவார். மறுபடி வரமாட்டார். எழுந்து கூட நடந்து, ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தால் அடுத்த வாரம் அவரே வந்து அவரே எடுப்பார். இரண்டாம் தடவைக்கு நான் தேவைப்பட மாட்டேன். செல்போன் வங்கியும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் நாள் முழுக்க எங்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை. முதல் தடவைக்கு மட்டும் எழுந்து கூட நடங்கள்.

நான் கற்றுக்கொண்ட பிறகு இதுவரை பதினோரு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பழைய வாசகர்கள், தெருக்காரர்கள், என் மதினி ஒருத்தி. அவர்கள் கேட்ட கேள்விகளை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் துண்டறிக்கை எதிலும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

டெய்லர் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "ராத்திரி பேங்க்கு பூட்டிக் கெடக்கும்போது அனுப்புனா, பணம் எங்க நிக்கும்?" எவ்வளவு நியாயமான கேள்வி! அவர் மனதில் வங்கி என்றால் ஷட்டர் இழுத்துப் பூட்டுகிற கட்டிடம். 2019 டிசம்பர் 16இலிருந்து ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புகிற நெஃப்ட் பரிமாற்றம் இரவு பகல், ஞாயிறு, விடுமுறை என்று பாராமல் ஓடுகிறது, அரை மணிக்கு ஒரு தடவை பணத்தைத் தொகுத்து அனுப்புகிறார்கள், செல்லில் நம்பரைப் போட்டு அனுப்புகிற யுபிஐ அதற்கும் காத்திருக்காமல் அப்போதே போய்விடும் என்று விளக்கிச் சொன்னேன். "அப்ப பூட்டுறது ஆளுகளுக்குத்தான், பணத்துக்கு இல்ல" என்று அவரே முடித்துக்கொண்டார்.

என் மதினி கேட்டது: "செல்லு தொலைஞ்சா பணமும் தொலைஞ்சு போயிருமா?" செல்லுக்குள் பணம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். செல் ஒரு சாவி மாதிரி, பணம் வங்கியில்தான் இருக்கிறது, செல் தொலைந்தால் உடனே சிம்மை முடக்கச் சொல்லிவிட்டு வங்கிக்கும் சொல்லிவிட வேண்டும் என்றேன். இந்தத் தெளிவு வந்த பிறகுதான் அவள் செல்லுக்குத் திரைப்பூட்டு போட ஒத்துக்கொண்டாள். அதுவரைக்கும் "எங்கிட்ட என்ன இருக்கு, பூட்டுறதுக்கு" என்று திறந்தே வைத்திருந்தாள்.

இன்னொருவர் கேட்டது எல்லோருக்கும் உள்ள பயம். பணம் என் கணக்கிலிருந்து போய், அவருக்குப் போய்ச் சேராமல் நடுவில் நின்றுவிட்டால்? இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்றே பதில் எழுதிவிட்டது. யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் ஏறாவிட்டால் மறுநாளைக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். கடைக்குக் கொடுத்தது என்றால் ஐந்து நாள். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் அவர் கேட்காமலே. இதைச் சொன்னபோது அந்த மனிதர் நம்பவில்லை. "பேங்க்கு நமக்கு அபராதம் கட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். இந்த விதி இத்தனை வருடமாக இருக்கிறது. எங்கள் ஊரில் எந்தக் கிளைச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

சுவரைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். உங்கள் சுவர் முழுக்க "ஜாக்கிரதை" என்றுதான் எழுதியிருக்கிறது. ஓடிபி (செல்லுக்கு வருகிற ஒருமுறை எண்) சொல்லாதே, லிங்க்கைத் தொடாதே, தெரியாத செயலியை இறக்காதே. எல்லாம் சரிதான், அவசியம்தான். ஆனால் வெறும் ஜாக்கிரதையை மட்டும் படிக்கிறவர் என்ன முடிவுக்கு வருவார்? இது நமக்கு வேண்டாம் என்றுதான். அந்தச் சுவரில் இன்னொரு தாளும் இருக்க வேண்டும். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வங்கியின் குறையால் எங்கள் பணம் போனால் எங்களுக்கு இழப்பே இல்லை. தவறு வங்கியிலும் இல்லாமல் எங்களிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் நாங்கள் சொல்லிவிட்டால் அப்போதும் முழுப் பணமும் எங்களுடையது. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குக்காரருக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் இழப்பு, குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கு என்றால் 5,000. சொன்ன பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி.

அதே அறிக்கையில் எங்களுக்குப் பாதகமான வரியும் இருக்கிறது. பின் நம்பரை நாமே யாரிடமாவது சொல்லி அதனால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரைக்கும் போனது முழுக்க நம் இழப்பு. அதற்குப் பிறகு போனால் வங்கியுடையது. எதிர்வீட்டுப் பையன் விஷயத்தில் ஏதாவது ஆகியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க முடியாது. இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒருவருக்கு முதுகெலும்பு நிமிரும். எங்கே தனக்குப் பாதுகாப்பு இருக்கிறது, எங்கே தானே பொறுப்பு என்று தெரிந்தவர் நடுங்க மாட்டார், அலட்சியமாகவும் இருக்க மாட்டார்.

ஏமாந்தவர் வந்து நிற்கும்போது அவரிடம் பேசுகிற விதத்தையும் தயவுசெய்து மாற்றுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் 18,000 ரூபாய் இழந்தார். கேஒய்சி, அதாவது வங்கியில் கொடுத்த அடையாள விவரம், காலாவதி ஆகிவிட்டது என்று போன் வந்து, கேட்டதையெல்லாம் சொல்லியிருக்கிறார். அவர் மனைவிக்கே நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். ஏன் உடனே வங்கிக்குப் போகவில்லை என்று கேட்டேன். "போனா 'ஏன்யா சொன்ன'ன்னுதான் கேப்பாங்க" என்றார். அந்த ஒரு கேள்விக்குக் கூசித்தான் நான்கு நாளைத் தொலைத்தார். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மணிக்கணக்கில் தாவிக்கொண்டே போகும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்தால், அது தாவுவதற்கு முன்னால் முடக்க வாய்ப்பு இருக்கிறது. உங்கள் கவுன்டரில் வந்து நிற்கிறவரிடம் முதல் கேள்வி "எப்ப நடந்துச்சு?" என்பதாக இருக்கட்டும். இரண்டாவதாக, அவர் கையால் 1930ஐ அழுத்த வையுங்கள். ஏன் சொன்னார் என்பதை அவர் அப்புறம் வாழ்நாள் முழுக்கத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளத்தான் போகிறார்.

மொழியைப் பற்றியும் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். பணம் போனால் எஸ்எம்எஸ் வருகிறது, நல்லது. அது ஆங்கிலத்தில் வருகிறது. டெபிட், கிரெடிட் என்ற இரண்டு சொல்லையும் வேறுபடுத்திப் படிக்கத் தெரியாதவர்கள் நான் சொல்லிக்கொடுத்த பதினோரு பேரில் ஆறு பேர். அவர்களுக்கு அந்த எஸ்எம்எஸ் ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு அட்டையில் இரண்டு ஆங்கிலச் சொல்லையும் பெரிதாக எழுதி, ஒன்றின் கீழ் "போனது", இன்னொன்றின் கீழ் "வந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். செல் உறைக்குள் வைத்திருக்கிறார்கள். இதைவிடக் கொடுமை, "இந்த எண்ணை யாரிடமும் பகிராதீர்கள்" என்ற வரி. அந்த வரி யாருக்கு அவசியமோ அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் போகிறது. ஓடிபி எண் மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரியும், எண்ணுக்கு மொழி கிடையாதே. போனில் ஒருவன் நல்ல தமிழில், மரியாதையாக, "ஐயா, இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க" என்கிறான். ஏமாற்றுகிறவன் தமிழில் பேசுகிறான், காப்பாற்றவேண்டியவர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள்.

கணக்கு தொடங்கும் படிவம், செலான், பாஸ்புக் எல்லாம் ஆங்கிலம், இந்தி, அந்த மாநில மொழி என்று மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லிவிட்டது. காகிதத்துக்கு ஒத்துக்கொண்டதைச் செல் திரைக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் கொண்டுவருவது கிளை மேலாளர் கையில் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் தலைமையகத்துக்கு உங்களால் எழுத முடியும். நான் எழுதினால் ஒரு வாடிக்கையாளரின் கடிதம். நீங்கள் நூறு பேர் எழுதினால் அவர்கள் உட்கார்ந்து படிப்பார்கள். அதுவரைக்கும், செயலியில் தமிழ் இருந்தால் அதை எங்கே மாற்றுவது என்றாவது உட்காரவைத்துக் காட்டுங்கள். பீம் என்ற யுபிஐ செயலியில் தமிழ் இருக்கிறது. அதை மாற்றிக் கொடுத்ததும் டெய்லர் அண்ணாச்சி, "இது இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு" என்றார்.

சரி, அந்த அரை மணி நேரத்தில் என்ன சொல்லிக்கொடுப்பது? நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு இதைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

முதல் நாள் பணம் அனுப்பவே சொல்லாதீர்கள். பார்க்க மட்டும் சொல்லுங்கள். எவ்வளவு இருப்பு, கடைசியாக எது வந்தது, எது போனது. பாஸ்புக்கில் அச்சடித்து வருவதை வரி வரியாகச் செல்லில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்தால் நம்பிக்கை தானாக வரும். பாஸ்புக்தான் எங்களுக்கு வங்கி. அந்த வரியும் இந்த வரியும் ஒன்று என்று கண்ணால் பார்த்த பிறகுதான் என் மதினி செல்லை நம்பினாள். இரண்டு நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளே, "யாருக்காவது அனுப்பிப் பாப்போமா" என்றாள்.

பென்ஷன் வருகிற கணக்கையோ, வைப்புநிதி இருக்கிற கணக்கையோ முதலில் யுபிஐயோடு இணைக்க வேண்டாம். இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி அதில் மூவாயிரமோ ஐயாயிரமோ மட்டும் வைத்து, அதை இணைத்துக் கொடுங்கள். பெரிய பணம் பீரோவிலும், காய்கறிக் காசு சுருக்குப் பையிலும் இருப்பது எங்களுக்குப் பழக்கமான ஏற்பாடுதானே. சுருக்குப் பை தொலைந்தால் வருத்தப்படுவோம், குடும்பம் கவிழாது. இப்படிச் சொன்னவுடன் பயம் பாதியாகக் குறைவதை ஒவ்வொருவர் முகத்திலும் பார்த்திருக்கிறேன். என் கருத்தில், தயங்குகிறவருக்கு வங்கி செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இந்த இரண்டாவது கணக்குதான்.

அப்புறம் பெயர். யுபிஐயில் பெயர் காட்டுகிறது. நெஃப்ட்டில் முன்பு கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான் பணம் ஏறும், ஒரு எண் தவறினால் வேறு யாருக்கோ போய்விடும். இப்போது நெஃப்ட்டிலும், பெரிய தொகை அனுப்புகிற ஆர்டிஜிஎஸ்ஸிலும் அனுப்புவதற்கு முன்னால் பெறுகிறவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் கொடுக்கும்படி ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தப் பெயர் திரையில் எந்த இடத்தில் வரும் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். கண்ணாடி போட்ட கண்ணுக்குச் சின்ன எழுத்து தப்பிவிடும்.

வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடக் கூடாது, அட்டையின் பின்பக்கம் இருக்கும் எண்ணைத்தான் கூப்பிட வேண்டும் என்பதையும் செய்துகாட்ட வேண்டும். தேடினால் மேலே வருகிற எண் திருடனுடையதாக இருக்கலாம் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. வங்கிகளின் இணைய முகவரிகள் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும்படி மாற்ற 2025 அக்டோபர் 31ஐக் கடைசி நாளாக ரிசர்வ் வங்கி வைத்தது. நல்ல ஏற்பாடு. கள்ள முகவரியை எழுத்து எழுத்தாகச் சோதிக்கத் தெரியாதவருக்கும் வாலைப் பார்க்கத் தெரியும். ஆனால் அப்படி ஒரு வால் இருக்கிறது என்று நீங்கள் சொல்லித்தானே அவருக்குத் தெரிய வேண்டும்?

ஒரு விஷயத்தில் என்னைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லோரையும் செல்லுக்குத் துரத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. கற்றுக்கொள்ள விரும்பாதவர், கண் தெரியாதவர், கை நடுங்குகிறவர், பட்டன் செல்லே போதும் என்பவர் எல்லோருக்கும் கவுன்டர் வேண்டும். "இதையெல்லாம் செயலியிலேயே பண்ணிக்கலாமே, எதுக்கு வர்றீங்க" என்று அவர்களை விரட்டாதீர்கள். 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பது, வாங்குவது போன்ற சேவைகளைச் செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அறுவைச் சிகிச்சை நடந்தபோது எனக்கு 70 ஆகவில்லை, எனக்கு அது பொருந்தாது. ஆனால் எங்கள் தெருவில் பொருந்துகிறவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். ஏழு பேரும் கேள்விப்பட்டதில்லை.

உங்களுக்கு ஆள் பற்றாக்குறை என்று சொல்வீர்கள். நான் கவுன்டருக்கு முன்னால் பல வருடம் நின்றவள், அது பொய்யில்லை என்று தெரியும். தினமும் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில், ஒரு மணி நேரம். இரண்டு பேர் வந்தாலும் போதும். ஒரு வருடத்தில் நூறு பேர் ஆகிவிடும். அந்த நூறு பேர் பாஸ்புக் அச்சடிக்கவும் இருப்பு கேட்கவும் உங்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடம் இல்லை என்றால் அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். எங்கள் கிளை நூலகத்தின் வாசிப்பு அறை மத்தியானத்தில் காலியாகத்தான் இருக்கும். இப்போது இருக்கிற நூலகரிடம் பேசிவிட்டேன். நல்ல வெளிச்சம், மின்விசிறி, நீளமான மேசை எல்லாம் இருக்கிறது. புதன்கிழமை மூன்று மணி என்றால் அவருக்கு வசதி. நானும் வருவேன். தமிழில் எழுதிய அட்டைகளை நானே கொண்டுவருகிறேன், யாருக்கு எந்த இடத்தில் கை நிற்கும் என்று எனக்கு ஓரளவு பழகிவிட்டது. உங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒருவர் வந்தால் போதும். வங்கியின் ஆள் ஒருவர் நேரில் உட்கார்ந்து "இது சரிதாம்மா, அனுப்புங்க" என்று சொல்வதை எங்களுக்கு வேறு யாராலும் தர முடியாது.

டெய்லர் அண்ணாச்சியின் மனைவி அடுத்த புதன்கிழமைக்கே தயாராக இருக்கிறார். பேரன் வைத்த பின் நம்பரை மாற்ற வேண்டும் என்கிறார். யாரை அனுப்புகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் அவருக்கும் சேர்த்து நாற்காலி போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்